கரமனைக்குப் போன பஸ்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே கோட்டை பஸ் நிறுத்தம் நடக்கிற தூரம்தான். ஆனால் என் மகள் பதினாறு வயதுவரை அங்கே தனியாகப் போனதில்லை. பள்ளி, டியூஷன், பாட்டு வகுப்பு எல்லாவற்றுக்கும் என் ஸ்கூட்டர். கடையில் பேசுவது நான். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வது அவள் அம்மா. கோயில் குளத்தில் தண்ணீர் குடித்துக் குடித்து நீச்சல் பழகியவன் நான். அவளைக் கடைசிப் படியில் நிற்கக்கூட விட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, பாளையத்திலுள்ள மாநில மைய நூலகத்துக்குத் தனியாகப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். 1829-ல் தொடங்கிய நூலகம். ஊரில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அரை மணி நேரத்தில் போன் வந்தது. பஸ் மாறி ஏறி, கரமனையில் இறங்கி நிற்கிறாள்.

“பக்கத்தில் யாரையாவது கேளேன்” என்றேன்.

“எப்படிக் கேக்கறது?” என்றாள். பிறகு அழுகை. “நான் ஒரு மக்கு அப்பா. எனக்கு ஒண்ணும் அறியாது.”

அழைத்துவரப் போகும்போது அந்த வாக்கியம் உறுத்தியது. அது அவளுடையதல்ல. “உனக்கு ஒண்ணும் அறியாது, விடு, நான் பாத்துக்கறேன்” என்று பல வருடங்களாக நான் பாசத்தோடு சொன்னதில் பாதி.

தன்மீது தானே காட்டும் கருணையை அளக்க, அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். தவறியபோது தன்னைத் திட்டாமல் பரிவோடு நடத்துவது, தவறுவது மனிதர் எல்லோருக்கும் பொது என்று உணர்வது, வேதனையை ஊதிப் பெரிதாக்காமல் பார்ப்பது என்று அவர் சொல்லும் அம்சங்கள் மூன்று. இரண்டாவதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். தவறவே விடாமல் வளர்த்ததில், உலகில் தான் ஒருத்திதான் தவறுகிறவள் என்று நினைத்துவிட்டாள்.

“பேப்பரைப் பிரித்தால் பயமாக இருக்கிறதே” என்றாள் மனைவி. பயம் பொய்யில்லை. எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்று கேட்பதை நிறுத்தவில்லை. கூடப் போவதை மட்டும் நிறுத்தினோம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். வாசலில் நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னிக்கும் தப்பு பஸ்தான். கண்டக்டர்கிட்ட கேட்டு இறங்கி மாறிண்டேன்.”

கையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன.