இரண்டாவது வரி

மார்ச் 4, 2025, செவ்வாய்

என் எழுத்தளவு பிளகினைப் பற்றி ஒரு பள்ளியிலிருந்து புகார். பார்வை குறைந்த பிள்ளைகள் பெரிய எழுத்தைத் தேர்ந்து வைத்திருந்தாலும், ஒவ்வொரு பக்கமும் முதலில் சிறிய எழுத்தில் வந்து பிறகுதான் பெரிதாகிறதாம். என் கணினியில் ஒரு குறையும் தெரியவில்லை. பிழைச் செய்தியும் கிடையாது. அவர்களிடம் இருப்பது வேர்ட்பிரஸ் 6.2, என்னிடம் 6.7.

மார்ச் 5, புதன்

6.2-ஐ நிறுவியதும் குறை கண்ணில் பட்டது. பக்கத்தின் தலைப்பகுதியில் ஏற வேண்டிய ஸ்கிரிப்ட் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. ‘அடியில் இல்லை’ என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

வேர்ட்பிரஸ் 6.7-இன் நிரலையே திறந்தேன். ஸ்கிரிப்டைச் சேர்க்கும் ஃபங்ஷனுக்கு மேலே, கமென்ட்டில், இரண்டு ‘சின்ஸ்’ வரிகள். முதல் வரி, அது 2.1.0-இல் வந்தது என்கிறது. இரண்டாவது வரியில்தான் விடை: கடைசிப் பாராமீட்டர் 6.3.0 முதல் அரேயையும் ஏற்கும். நான் அனுப்பியது அரே. 6.2-க்கு அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. காலியில்லாத அரே எதுவானாலும் பிஎச்பிக்கு ‘ஆம்’. உள்ளே இருந்த என் ‘இல்லை’யை அது பார்க்கவே இல்லை.

ஃபங்ஷன் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு அழைத்திருந்தாலும் இது பிடிபட்டிருக்காது. பெயர் அதேதான், ஏற்கும் பொருள்தான் மாறியிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

பிளகினின் தலைப்பில் குறைந்தபட்சத் தேவை 5.8 என்று எழுதியவன் நான். அதை 6.3 ஆக்கினால் சொன்ன சொல் உண்மையாகும். ஆனால் பழைய தளங்களில் புதுப்பிப்பை வேர்ட்பிரஸ் தடுத்துவிடும். திருத்தம் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேராது. அரேயை எடுத்துவிட்டு, பழையபடி வெறும் ‘இல்லை’யை அனுப்பினேன். புதிய பதிப்புகளும் அதை ஏற்கின்றன. 5.8, 6.2, 6.7 மூன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிட்டேன்.

மார்ச் 8, சனி

என் பிளகினை நம்பி வேறு இருவர் துணைப் பிளகின் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தொடும் ஃபில்டர்கள் 11. எந்தப் பதிப்பில் வந்தது என்று ஒன்றில்கூட நான் எழுதவில்லை. ஒரு ஃபில்டரில் மூன்றாவது மதிப்பு எப்போது சேர்ந்தது என்பது எனக்கே மறந்துவிட்டது. கிட் வரலாற்றைத் தோண்டி, மதியத்துக்குமேல் கண்டுபிடித்தேன்: 1.4.0. மூன்று மதிப்புகளையும் கட்டாயமாகக் கேட்கும் ஃபங்ஷனுக்கு 1.3-இல் இரண்டுதான் கிடைக்கும். பிஎச்பி 7.1 முதல் அது பக்கத்தையே நிறுத்திவிடும் பிழை.

பதினொன்றுக்கும் எழுதி முடித்தேன். வந்த பதிப்புக்கு ஒரு வரி; மாறிய ஒவ்வொரு பதிப்புக்கும், என்ன மாறியது என்பதோடு, இன்னொரு வரி. இனி நிரலை மாற்றும் அதே கமிட்டில் இந்த வரியும் போக வேண்டும். அன்றைக்கு அது ஒரு நிமிட வேலை. இன்றைக்கு அரை நாள் போனது.

மார்ச் 10, திங்கள்

இருவரில் ஒருவர் பேசினார். 1.4.0-க்கு முந்தைய தளங்களில் இரண்டு மதிப்புகளோடு நிறுத்திக்கொள்ளும்படி தன் நிரலை மாற்றிவிட்டாராம். என்னிடம் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வரியைப் படித்தே செய்துவிட்டார்.