மெதுவாக வைத்தால் எரியாத மீட்டர்

அம்மா பட்டாசு ஆலைக் கூலியில் வாங்கித் தந்த எல்.இ.டி. ஒலி மீட்டர் கிட் அது. திருத்தங்கல் வீட்டிலேயே சால்டர் பண்ணி முடித்தேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் பத்து விளக்கும் ஆடின. குறைத்தால் ஒன்றுகூட எரியவில்லை. "இதுக்குத்தான் காலேஜு போறியாடா?" என்றார் அப்பா. சுருக்கென்றது.

சால்டரிங்கில் குறையில்லை. ஐ.சி.யின் முதுகில் எழுத்து அழிந்திருந்தது. பேட்டரியும் பொட்டன்ஷியோமீட்டரும் வைத்து ஐந்தாம் காலுக்குக் கொஞ்சங்கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றினேன். 0.125, 0.25, 0.375... சம அளவில் ஒவ்வொன்றாக எரிந்தன. முழு அளவு 1.25 வோல்ட் என்றால், எல்.எம். 3915-ல் முதல் விளக்கு 0.056-லேயே எரிய வேண்டும் நண்பர்களே! அதில் படிக்குப் படி 3 டெசிபல், அதாவது 1.41 மடங்கு. காதின் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான். கிட்டில் வந்திருந்தது 3914. பதினெட்டுக் காலும் ஒன்றுபோல, கணக்கு மட்டும் வேறு. சாக்கெட் இருந்ததால் மாற்ற ஒரு நிமிஷம்.

ராத்திரி தங்கச்சி தூங்கிய பிறகு அப்பா செய்தியை மெதுவாகத்தான் வைப்பார். இப்போ அதுக்கும் நாலு விளக்கு எரியுது.