பட்ட காலிலே படும்

"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்குள் விஞ்ஞானமும் உண்டு என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம்.

உயிரியல் வகுப்பில் ஒருநாள் சிஸ்டர் வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் ஈஸ்டைக் கலந்து வைத்தார்கள். சற்று நேரத்தில் நுரை பொங்கியது. ரொட்டியை உப்பவைக்கும் அந்த ஒற்றைச் செல் உயிரில் ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் இருக்கின்றனவாம். அவற்றுள் சுமார் 1,000 மட்டுமே இன்றியமையாதவை. மற்றவற்றில் ஏதேனும் ஒன்றை நீக்கினாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளுமாம்.

"அப்படியானால் அவை வீண்தானே, சிஸ்டர்?" என்று கேட்டோம்.

"இரண்டைச் சேர்த்து எடுத்துப் பார்த்தால் தெரியும்" என்றார்கள்.

கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பூன், பிரெண்டா ஆண்ட்ரூஸ் ஆகியோரின் குழுவினர் அப்படித்தான் பார்த்தார்கள். இரண்டிரண்டு மரபணுக்கள் பழுதான 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈஸ்ட் வகைகளை உண்டாக்கி, அவற்றின் வளர்ச்சியை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரு பழுதோடு 90 விழுக்காடும், மற்றொரு பழுதோடு 80 விழுக்காடும் வளர்ந்தால், இரண்டும் சேர்ந்தால் 72 விழுக்காடு வளரும் என்பது கணக்கு. பெரும்பாலும் அப்படியே நடந்தது. ஆனால் சுமார் 5,50,000 இணைகளில் வளர்ச்சி கணக்குக்கும் கீழே போயிற்று. சிலவற்றில் செல்லே மடிந்தது. ஒரு வேலைக்கு இரு வழிகள் இருந்து, ஒன்று அடைபட்டால் மற்றது காக்கும்; இரண்டும் அடைபட்டால் பிழைப்பேது? வியப்பு என்னவென்றால், சுமார் 3,50,000 இணைகள் கணக்கைவிட நன்றாகவே வளர்ந்தன!

தஞ்சைப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இது எளிதில் விளங்கிற்று. மேட்டூர்த் தண்ணீர் குறைந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை சம்பாவைத் தாங்கும். மழை குறைந்தால் ஆற்று நீர் தாங்கும். 2016இல் காவிரியும் கைவிட்டது, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. பயிர் கருகியது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்போது நாங்கள் சிறு பிள்ளைகள்; வீட்டில் பேச்சே அடங்கிப்போனது மட்டும் நினைவிருக்கிறது.

ஆயினும் எங்கள் வகுப்பிலேயே இந்தக் கணக்கை நாங்கள் தவறவிட்டோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டு நெல் கார்த்திகை மழையில் மூழ்கியது. "இங்கே யாருக்குத்தான் மூழ்கவில்லை?" என்று இருந்துவிட்டோம். அவள் மூன்று வாரம் பள்ளிக்கு வராத பிறகே சென்று பார்த்தோம். அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார்கள். சமைப்பதும் தம்பியைக் கவனிப்பதும் அவள்தான். "இனி வரமாட்டேன், புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றாள். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

மூழ்கிய நெல்லை எங்களால் மீட்க முடியாது. ஆனால் பாடக் குறிப்புகளை முறைவைத்து எழுதிக் கொடுத்தோம். அருகில் குடியிருக்கும் இருவர் மாலையில் அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டார்கள். சிஸ்டர் அவள் அப்பாவிடம் பேசினார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு அவள் வந்து எங்களோடு அமர்ந்தாள்.

இப்போதெல்லாம் ஒருத்திக்கு ஒரு துன்பம் என்று கேள்விப்பட்டால், "வேறு என்ன கஷ்டம்?" என்றும் கேட்கிறோம். இரண்டில் ஒன்றையாவது நாம் சுமந்துகொண்டால், பட்ட காலும் நடக்கும் அல்லவா?