வெடித்த மேசை

மேசை என்னும் சொல் போர்த்துக்கேயரோடு எம்மிடம் வந்து சேர்ந்தது. கதிரையும் அலுமாரியும் யன்னலும் சாவியும் அவ்வாறே வந்தன. நிலத்திலிருந்து உண்டு, நிலத்திலிருந்தே மீன் அரிந்து, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிய ஒரு சமூகம், தன் தொழிலை முழங்காலுக்கு மேலே உயர்த்திய கதை அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது. இக்கதையை மொழியியலாளர் எழுதுவாராக. முந்தலிலே களப்பை நோக்கிய ஒரு முற்றத்தில் நிற்கும் மேசையொன்றைப் பற்றியும், அது வெடித்தமை பற்றியும், அதனைச் செப்பனிட்டவர் பற்றியும் மட்டுமே நான் இங்கு எழுத முற்படுகின்றேன்.

முந்தலை அறியாதார் பொருட்டு ஒரு சொல். சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவும், 1926 ஆம் ஆண்டில் புத்தளம்வரை நீட்டப்பெற்ற இருப்புப்பாதையும் இவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றன. மேற்கே ஆழமற்ற முந்தற் களப்பு. அதற்கும் அப்பால் உடப்பும் கடலும். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் இக்களப்பை வடக்கே புத்தளக் களப்போடு இணைக்கின்றது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழை அரிது. தென்மேல் காற்று மட்டும் ஓயாது வீசும். ஐப்பசி, கார்த்திகையில் ஆண்டின் மழையிற் பெரும் பங்கு ஒருசேரக் கொட்டித் தீர்க்கும். ஆறு மாதம் உலர்த்தி, மூன்று மாதம் நனைத்து, ஆண்டு முழுதும் உப்பைத் தூவும் இக்காலநிலையில், கூரையில்லா முற்றத்தில் ஒரு மரப்பலகை படும் பாட்டை ஊகித்துக் கொள்ளலாம்.

அம்மேசை என் சின்னம்மாவுடையது. மாலை நேரங்களில் பெருந்தெருவால் வருவோருக்கு மீன் சுட்டு விற்பதே அவருடைய சீவியம். மேசையின் ஒரு பாதியில் தகட்டு அடுப்பும் கம்பி வலையும் இருக்கும். மறு பாதியில் பாரையும் ஓராவும் இறாலும் அரிந்து, கழுவி, உப்பும் மிளகாயும் தடவப்பெறும். விறகு அன்று, சிரட்டைக் கரிதான் எரிபொருள். குருநாகல், புத்தளம், கம்பகா என்ற தென்னை முக்கோணத்தின் ஒரு முனையிலே குடியிருப்போருக்குச் சிரட்டை ஒரு பஞ்சமில்லை. புகை குறைவு; தணல் நெடுநேரம் நிற்கும்.

மேற்பலகை சித்தப்பா விட்டுச் சென்றது. இடித்த பழைய வீட்டின் கதவிலிருந்து பெற்ற முதிரைப் பலகை. பதினெட்டு அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பு, ஐந்தடி நீளம். இத்தகைய அகலத்தில் முதிரைப் பலகை இன்று எளிதிற் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை எம்மைப் போன்றோரின் கைக்கு எட்டாது. சித்தப்பா இறந்து மூன்றாம் ஆண்டு ஆடிக் காற்றில், அடுப்புப் பக்கத்து முனையிலிருந்து ஒரு வெடிப்புப் புறப்பட்டது. ஆவணி முடிவதற்குள் அது மூன்றடி நீளத்துக்கு ஓடிவிட்டது. சாம்பலும் மீன்நீரும் அதனுள் இறங்கின, இலையான் மொய்த்தது. வாடிக்கையாளர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிப் போனார். சின்னம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. அன்றிரவு அவர் அடுப்பை மூட்டவில்லை.

ஆலோசனை சொல்வோருக்கு ஊரிற் குறைவில்லை. சீமெந்து இட்டு அடைக்கலாம் என்றார் ஒருவர். இரும்புப் பட்டை அடித்து இறுக்கலாம் என்றார் இன்னொருவர். புகையிரதப் பாதையிற் கழித்த பழைய சிலிப்பர் கட்டைகளை வாங்கிப் புதிதாகவே செய்துவிடலாம் என்பது என் தம்பியின் கட்சி. கடைசி யோசனை பார்வைக்கு அழகானதுதான். ஆனால் உழுத்துப் போகாதிருக்கச் சிலிப்பர் கட்டைகளிற் பலவற்றுக்குக் கிரியோசோற்று என்னும் தார் எண்ணெய் ஏற்றப்படுவதுண்டு. தணலின் சூட்டில் அது கசிந்து ஆவியாகும். உணவுக்கு அருகே வைக்கத் தகாத பொருள் அது.

இந்நிலையிலேதான் சின்னம்மா நானாவை அழைத்தார். அவர் பெயரை நான் எழுதவில்லை, அவர் விரும்பமாட்டார். மன்னார்த் தீவிலே தச்சுத் தொழில் செய்தவர். 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து பலரும் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவர்களுள் இவரும் ஒருவர். பட்டறையையும் அடுக்கி வைத்திருந்த மரங்களையும் விட்டு, ஓர் இழைப்புளியையும் இரண்டு உளிகளையும் சாரத்திற் சுற்றிக்கொண்டு வந்ததாக ஒருமுறை கூறினார். நான் மேலும் கேட்கவில்லை. தமிழில் எழுதும் ஒருவன், தமிழின் பெயரால் விரட்டப்பட்ட ஒருவரிடம், இதனை எவ்வளவு கேட்கலாம் என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.

நானா வந்ததும் வெடிப்பைப் பார்க்கவில்லை. மேசையின் அடியிலே குனிந்தார். இரண்டு குறுக்குச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரு ஓரங்களிலும் இரும்பாணி. உப்புக் காற்றில் ஆணிகள் துருவேறி, சுற்றியிருந்த மரம் கறுத்துப் போயிருந்தது.

"தங்கச்சி, இது தானா வெடிக்கல்ல. வெடிக்க வச்சிருக்கு" என்றார்.

அவர் கூறியதன் பொருளை மர விஞ்ஞானம் பயின்றோர் வேறு சொற்களால் விளக்குவர். பச்சை மரத்தின் கலங்களின் குழிவுகளில் உள்ள நீர் முதலில் வெளியேறும். அதனாற் சுருக்கம் ஏற்படாது. ஈரப்பதன் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழ் இறங்கி, கலச்சுவரில் உள்ள நீரும் அகலத் தொடங்கும்போதே மரம் சுருங்குகின்றது. அச்சுருக்கமும் எத்திசையிலும் ஒன்றாயிராது. நீளப்பாட்டில் அது மிக அற்பம். ஆண்டு வளையங்களின் வழியே ஏற்படும் சுருக்கமோ, நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரைவழிச் சுருக்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இக்காரணத்தாற் பதினெட்டு அங்குலப் பலகையொன்று மாரிக்கும் கோடைக்கும் இடையே ஒரு நூல், ஒன்றரை நூல் அளவுக்கு அகலம் மாறுதல் இயல்பு. குறுக்குச் சட்டமோ தன் நீளத்தில் மாறுவதில்லை. அசையாத ஒன்றோடு அசையும் ஒன்றை இரு ஓரங்களிலும் ஆணியறைந்தால், சுருங்க விரும்பும் பலகை சுருங்க வழியின்றித் தன்னைத்தானே பிளந்து கொள்ளும். பலகையின் முனை, திறந்த நுண்குழாய்களின் வழியே ஏனைய இடங்களிலும் விரைவாக நீரை இழக்குமாதலால், வெடிப்பு அங்கேயே தொடங்கும். அம்முனையிலே தணலும் இருந்ததென்றால் கேட்க வேண்டியதில்லை.

சீமெந்து யோசனை ஏன் தவறென்பதும் இதிலிருந்தே விளங்கும். கோடையில் வெடிப்பு விரிந்திருக்கும் வேளையில் அதனைக் கல்போன்ற பொருளால் நிரப்பினால், கார்த்திகையிற் பலகை ஊதும்போது அது ஆப்பாகவே தொழிற்படும். மூன்றடி வெடிப்பு ஐந்தடியாகும்.

வேலை நான்கு நாள் நடந்தது. ஆணிகளைக் கழற்றுவதிலேயே முதல் நாள் கழிந்தது. துருவேறிய ஆணி தலையை மட்டும் தந்துவிட்டு உடலை மரத்துக்குள் ஒளித்துக் கொள்ளும். சட்டங்களை விடுவித்த மறுநாட் காலை வெடிப்பு ஓரளவு தானாகவே ஒடுங்கியிருந்ததைச் சின்னம்மா விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் அப்போதுதான் சற்றுத் தெளிந்தது.

வெடிப்பு முடிந்த நுனியிலே நானா துறப்பணத்தால் ஒரு சிறு துளையிட்டார். கூர்மையான நுனியிலே குவியும் விசை வட்டமான துளையின் விளிம்பிலே பரவி விடுவதால், வெடிப்பு முன்னேறுவது தடைப்படும். பின்னர் அதே முதிரையின் சிறு துண்டிலிருந்து, இடை ஒடுங்கி இருபுறமும் விரிந்த, உடுக்கை போன்ற கட்டைகள் மூன்றை அறுத்தார். அவற்றின் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓடவேண்டும். நேராக ஓடினால் கட்டை இடையிலே முறிந்துவிடும். கட்டையைப் பலகைமேல் வைத்துக் கூரிய உளியாற் கோடு கீறி, அக்கோட்டுக்கு உள்ளேயே நின்று குடைந்து, இறுதியிற் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி இறக்கினார். முதற் கட்டை இறங்க ஒரு பிற்பகல் சென்றது. முதிரை வைரம் பாய்ந்த மரம்; உளியை இருமுறை சாணை பிடிக்க வேண்டியிருந்தது. இக்கட்டைகள் வெடிப்பை மூடுவதில்லை. அது மேலும் விரியாது பிடித்து நிற்பதே அவற்றின் பணி.

குறுக்குச் சட்டங்கள் திரும்பவும் பூட்டப்பெற்றன. ஆனால் வேறு முறையில். சட்டத்தின் நடுவில் மட்டும் வட்டத் துளை. ஓரங்களில், பலகையின் அகலப்பாட்டுக்கு நீண்ட துளைகள். அவற்றினூடே பித்தளைத் திருகாணிகள், அகன்ற வளையத்துடன், இறுக்கியும் இறுக்காமலும். பலகை நடுவிலே நிலைத்து, இரு பக்கமும் வேண்டியவாறு அசையும். இரண்டே நூல் நீளத்துக்குத் துளையை நீட்டியிருந்தால் இம்மேசை வெடித்திருக்காது என்று நானா சொன்னபோது, முன்னைய தச்சனைக் குறை கூறும் தொனி அதில் இருக்கவில்லை. ஆணிதான் மலிவு, பெரும்பாலானோர் ஆணியே கேட்கின்றனர்.

எஞ்சிய பிரச்சினை வெடிப்பை நிரப்புவதா விடுவதா என்பது. இதில் நானாவுக்கும் சின்னம்மாவுக்கும் கருத்து வேற்றுமை உண்டாயிற்று. திறந்தே கிடக்கட்டும், நீர் வடிந்து போகும் என்பது அவர் வாதம். இலையான் மொய்க்கும் பலகையில் மீன் அரிய இயலாது என்பது இவர் வாதம். மீன் விற்பவர் சொல்லே இங்கு வென்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவாறு அப்படியே முடிந்தது. அடுப்புப் பக்கம் வெடிப்புத் திறந்தே விடப்பட்டது. அரியும் பக்கத்துக்குப் படகுத் தொழிலாளர் கலப்பத்துப் பார்க்கும் முறை கைக்கொள்ளப்பட்டது: எண்ணெயில் தோய்ந்த பஞ்சுத் திரியை வெடிப்புக்குள் அடித்து இறக்கி, அதன்மேல் எண்ணெயோடு காய்ச்சிய குங்கிலியம். அது கல்லாக இறுகுவதில்லை. மரம் நெருக்கினால் இடங்கொடுக்கும். சூட்டிற் குழையுமாதலால் அடுப்பருகே ஆகாது. மீனை நேரே பலகையில் வையாது, கழற்றிக் கழுவத்தக்க தனிப்பலகை ஒன்றின்மேல் அரிவதென்றும் உடன்பாடாயிற்று.

சித்தப்பா காலத்தில் தகட்டு அடுப்பு, கடற்கரை மணற் படுக்கையின் மேல் இருந்தது. கடல்மணலின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தகட்டை அரித்தது. அடியிற் பலகையையும் நனைத்து வைத்தது. இப்போது நான்கு செங்கல்லின் மேல் அடுப்பு உயர்த்தப்பட்டுள்ளது. இடையே காற்றோடும். மரம் ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேலேயே தீப்பற்றுமெனினும், அதனினும் குறைந்த சூட்டை நெடுங்காலம் பொறுத்த மரமும் மெல்லக் கருகும் என்பதை அப்பலகையின் பழைய கறுத்த வட்டமே காட்டி நின்றது.

பூச்சுக்குத் தேங்காயெண்ணெய் போதுமென்றேன். எம் நாட்டில் எதற்கும் அதுதானே. தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகாது, காறிப்போகும் என்று நானா மறுத்து, ஆளிவிதை எண்ணெய் வாங்குவித்தார். அது காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றுப் படலமாக இறுகும். பூசிய துணிகளை அவர் கசக்கி எறியவில்லை. வேலியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். குவித்து வைத்தால் அவ்வெண்ணெய் தானே சூடேறித் துணி தீப்பற்றுவதுண்டு. பட்டறையொன்று அவ்வாறு எரிந்ததைத் தாம் கண்டதாகச் சொன்னார். எங்கே என்று தம்பி கேட்டான். "அங்க" என்றார். மன்னாரைத் தவிர வேறெந்த இடத்தையும் அவர் அப்படிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை.

கூலி பற்றிய பேச்சு எழுந்தபோது அவர் சொன்ன தொகை திருகாணியின் விலைக்கே போதாது. சின்னம்மா அதனை ஏற்கவில்லை. நீண்ட வழக்குக்குப் பின், முழுக் கூலியில் பாதியைப் பணமாகவும், மீதியை வெள்ளி தவிர்ந்த மாலைகளில் ஒவ்வொரு சுட்ட மீனாகவும் கழிப்பதென்று தீர்ந்தது. கணக்கு எப்போது முடியும் என்று இருவரில் எவரும் எழுதி வைக்கவில்லை.

அவ்வாண்டு மாரி சற்றுப் பிந்தியே தொடங்கியது. கார்த்திகை விடுமுறையில் நான் ஊர் சென்றபோது மேசை தகரக் கூரையொன்றின் கீழ் நின்றது, தம்பியின் வேலை. அடுப்புப் பக்கத்து வெடிப்பில், ஆவணியில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்த இடத்தில், அப்போது கடதாசியும் நுழையவில்லை. நீண்ட துளைகளில் திருகாணிகள் ஏறக்குறைய ஒரு நூல் நகர்ந்திருந்தன. நடு உடுக்கைக் கட்டை மட்டும் மயிரிழை அளவு மேலெழும்பியிருந்தது. மழை விட்டதும் இழைத்துவிடலாம் என்று நானா சொல்லியனுப்பியிருந்தார்.