நார்த்தாமலைக் கல்லும் நம் மழலையர் பள்ளியும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் வழியில், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில், மொட்டைப் பாறைக் குன்றுகள் சூழ அமைந்த ஊர் நார்த்தாமலை. அங்குள்ள மேலமலையில் நிற்கிறது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் விசயாலய சோழீச்சரம். அதன் வெளிச்சுவர் சதுரம். உள்ளே கருவறையோ வட்டம். விமானத்தின் கீழ்த்தளங்கள் மூன்றும் சதுரம். நான்காம் தளம் வட்டம். அதன்மேல் உருண்ட சிகரம். கற்றோர்க்கு இது கட்டடக் கலை. பெற்றோரின் கைப்பிடித்து வரும் நான்கு வயதுக் குழந்தைக்கோ இது பெரியதொரு விளையாட்டுப் பொருள். சதுரத்துக்கு மூலை உண்டு, வட்டத்துக்கு இல்லை என்பதை அது சுற்றி ஓடியே அறிந்துகொள்ளும். கரும்பலகை தேவையில்லை.

இவ்வுண்மையைக் கல்விமுறையாக்கியவர், ஜெர்மானிய லுத்தரன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த புரோபெல். 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தம் பணியைத் தொடங்கிய அவர், பந்து, உருளை, கனசதுரம் ஆகியவற்றைக் குழந்தைகளின் கையில் கொடுத்து உருட்டவும் அடுக்கவும் விட்டார். 1840இல் அம்முறைக்கு அவர் இட்ட பெயரே 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம்.

பின்னர் 1907இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார் கத்தோலிக்க மருத்துவர் மரிய மாந்தசோரி. பார்சிலோனாவில் அவர் வழிநடத்திய பள்ளியில், திருப்பலிக்கான அப்பத்துக்கும் இரசத்துக்கும் வேண்டிய கோதுமையையும் திராட்சையையும் குழந்தைகளே பயிரிட்டனர். மறைக்கல்வியும் கை வழியாகவே உள்ளத்தை அடைந்தது. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார்.

அன்புள்ள பெற்றோரே! நம் பள்ளியின் மழலையர் வகுப்பில் மணலும் மரக்கட்டையும் புளியங்கொட்டையும் கண்டு, "கட்டணம் கட்டுவது விளையாடவா?" என்று கேட்பவர் உண்டு. மூன்று வயதில் மணிக்கட்டின் எலும்புகள் முற்றிலும் உருவாகியிரா. அக்கையில் பென்சிலைத் திணித்தால் எழுத்து வருமுன் வெறுப்பு வரும். ஐந்தாங்கல் ஆடும் குழந்தையோ எண்ணக் கற்கிறது, விரல்களைப் பழக்குகிறது, தன் முறைக்காகக் காத்திருக்கும் பொறுமையையும் பெறுகிறது. மணலில் விரலால் அகரம் எழுதுவித்த நம் திண்ணைப் பள்ளிக்கும் இது தெரிந்திருந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தொடக்க ஆண்டுகளுக்கு விளையாட்டு வழிக் கல்வியையே வலியுறுத்துகிறது.

மீட்கப்பட்ட எருசலேமின் அடையாளமாக இறைவாக்கினர் செக்கரியா கண்டது, தெருக்களில் நிறைந்து விளையாடும் சிறுவர் சிறுமியரை. ஆகவே, இன்று மாலை வீடு திரும்பும் குழந்தையிடம், "என்ன எழுதினாய்?" என்று கேளாதீர்கள், "என்ன விளையாடினாய்?" என்று கேளுங்கள். விடுமுறை நாளில் ஒருமுறை நார்த்தாமலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். பாறை விரைவில் சுடும். அங்கே குழந்தை கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையோடு விடை சொல்லுங்கள். அந்நாளில் நீங்களே அதன் ஆசிரியர்.