சூடு ஆறாத பால்கோவா

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும் நாட்களில், சிவகாசிப் பக்கம் பல வீடுகளுக்குக் கறவை மாடுதான் கைகொடுக்கும். அப்படி இரண்டு பசு வைத்திருக்கும் ஒரு பெண், ஆண்டாள் கோயிலுக்குப் போனபோது, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை ஒன்றில் அப்போதுதான் இறக்கிய பால்கோவாவைச் சாப்பிட்டுப் பார்த்தார். பாலும் சர்க்கரையும்தான், விறகடுப்பில் கைவிடாமல் கிண்டியது. மணல் மணலாக, லேசான புகை வாசத்தோடு இருந்தது. பேருந்து நிலையத்தில் டப்பாவில் வாங்கியதெல்லாம் (எத்தனை நாள் ஆனதோ!) இதன் பக்கத்தில் நிற்காது.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் இது. ஊர்ப் பெயருக்குக் காப்பு கிடைத்தது சரி, பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு எவ்வளவு கூடியது என்று கல்லாவில் கேட்டார்.

“அதைச் சங்கத்துல கேளுங்கம்மா.”

கால் கிலோ கட்டி வாங்கிக்கொண்டார். சாயங்காலக் கறவைக்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.