கொல்லையில் கண்ட கோபுரம்

அமெரிக்க நாட்டின் மேலைக் கடற்கரைப் பகுதியில் ஓக்லாந்து என்றொரு நகரம் உளது. 1920ஆம் ஆண்டிற்குப் பின், அங்கே ஒரு வீட்டுக் கொல்லையில் மூன்று சிறுவர் ஓடியாடித் திரிந்தனர். அவருள் இருவர் இரட்டையர். அவர்தம் அன்னையார் ஒரு கண்ணை மக்கள்மீதும் மற்றொரு கண்ணைச் செடிகள்மீதும் வைத்திருந்தார். அவரே இமோஜன் கன்னிங்ஹாம் அம்மையார்.

1883ஆம் ஆண்டிற் பிறந்த அம்மையார் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றவர். அங்கிருந்த தாவரவியல் ஆசிரியர்கள் பாடம் நடத்துதற்கு வேண்டிய படத் தகடுகளைச் செய்து கொடுத்துத் தம் கல்விச் செலவில் ஒரு பகுதியைத் தாமே ஈட்டினார். பின்னர் ஜெர்மனி நாட்டு டிரெஸ்டன் நகருக்குச் சென்று நிழற்பட வேதியியலை ஆராய்ந்தார். தாயகம் திரும்பிச் சியாட்டில் நகரில் நிழற்பட நிலையம் ஒன்றை நிறுவி, மாந்தரைப் படம் பிடிப்பதிற் பெயர் பெற்றார். திருமணமாகி மகப்பேறும் உற்றபின், 1917ஆம் ஆண்டில் அந்நிலையத்தை மூடிவிட்டுக் கலிபோர்னியாவிற்குக் குடிபெயர்ந்தார். கணவரும் ஓர் ஓவியரே. ஆயினும், வீட்டை விட்டு அகல இயலாதவர் மனைவியாரே ஆனார். இஃது எந்நாட்டிலும் காணும் வழக்கந்தானே!

கருவி கையில் இருந்தது. கற்ற கலை நெஞ்சில் இருந்தது. வெளியே சென்று படம் எடுக்கவோ வழியில்லை. வேறொருவராயின் கருவியைப் பெட்டியில் இட்டுப் பூட்டியிருப்பர். அம்மையாரோ அதனைக் கொல்லைக்குத் தூக்கிச் சென்றார்.

பூவை மிக நெருங்கிப் படம் எடுப்பது எளிதன்று. நெருங்குந்தோறும் துலக்கமாகத் தெரியும் ஆழம் குறையும். மகரந்தத் தாள் தெளிந்தால் இதழின் விளிம்பு மங்கும். விளிம்பு தெளிந்தால் தாள் மங்கும். இரண்டும் தெளிய வேண்டுமாயின் ஒளி புகும் துளையைச் சுருக்குதல் வேண்டும். துளை சுருங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் படம் பதியும் நேரம் நீளும். அந்நேரத்தில் இளங்காற்று ஒருமுறை வீசினாற் போதும், அத்தனை உழைப்பும் பாழாகும். சிறுவர் மூவர் ஓடும் இடத்தில் காற்று மட்டுமா பகை!

மக்னோலியா என்பது நம் செண்பகத்திற்கு இனமான மரம். அதன் வெண்ணிறப் பூ, அகன்ற கிண்ணம்போல் விரியும். நடுவே சிறு தூண் ஒன்று நிற்கும். தூணின் அடியில் மகரந்தத் தாள்கள் நெருங்கி அடுக்கியிருக்கும். மேலே சூலகங்களின் நுனிகள் சுருண்டு வளைந்திருக்கும். பூ விரிந்த சில நாளிலேயே தாள்கள் உதிர்ந்துவிடும்; எனவே, படம் எடுப்பதை நாளை நாளை என்று தள்ளிவைத்தற்கு இடமில்லை. 1925ஆம் ஆண்டில் அம்மையார் அப்பூவைப் படம் எடுத்தார். ஒரு படத்தில் இதழ்களே சட்டத்தை நிறைத்தன. மற்றொன்றில் இன்னும் அணுகி, நடுத்தூணையே பெரிதாகக் காட்டினார். ‘மணிக் கோபுரம்’ எனப் பொருள்படும் பெயர் அப்படத்திற்கு வழங்குகின்றது. பார்ப்போர்க்கு அது பூவின் ஓர் உறுப்பு என்றே முதலில் தோன்றாது.

அதே கலிபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன் என்னும் கலைஞர் 1927ஆம் ஆண்டில் கடற்சங்குகளைப் படம் எடுத்தார். சங்கு வாடாது, காற்றில் ஆடாது. எனினும், நாட்டிலஸ் என்னும் கடலுயிரின் ஓட்டைப் படம் எடுக்க நாலரை மணி நேரம் ஒளியைப் பதியவிட வேண்டியிருந்தது. ஒருமுறை இடையே ஓடு சற்று அசைந்துவிடவே, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அதுவரை வீட்டுப் பிள்ளைகளையும் பூனைகளையும் அசையாமல் வைத்திருப்பது அவருக்குப் பெரும்பாடாயிற்று. அம்மையார் இதனைக் கேட்டிருப்பின் நகைத்திருப்பார்!

1929ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பெரிய நிழற்படக் கண்காட்சி ஒன்று நிகழ்ந்தது. வெஸ்டனின் பரிந்துரையால் அம்மையாரின் படங்கள் பத்து அங்கே இடம்பெற்றன. அவற்றுட் பல செடி கொடிகளின் படங்கள். கொல்லைப் பூக்கள் கடல் கடந்தன. 1932ஆம் ஆண்டில் இருவரும் வேறு சில கலைஞரோடு கூடி ஒரு குழு அமைத்து, அதற்கு ‘எஃப் 64’ என்று பெயரிட்டனர். அஃது ஒளி புகும் மிகச் சிறு துளையைக் குறிக்கும் எண்.

அம்மையார் 1976ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். முதுமையிலும் படம் எடுப்பதை விட்டாரல்லர். கொல்லையில் ஓடித் திரிந்த இரட்டையருள் ஒருவரான ரோண்டல், சிறுவராய் இருந்தபோதே இருட்டறையில் அன்னைக்குத் துணை நின்று, பின்னாளில் தாமும் நிழற்படக் கலைஞரானார்.